வெறும் செம்பு

குமுளியில் பத்து ரூபாய் நாணயம் செல்லும். செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால் செல்லாது. அதே அரசாங்கம் அடித்த காசு, அதே சிங்கம், ஆனாலும் கம்பத்துக் கடைக்காரர் அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பீர்மேடு, வண்டிப்பெரியார், குமுளி என்று மலையில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. மிச்சச் சில்லறையாக அந்த நாணயத்தைக் கொடுத்தால் போதும், அந்தப் பக்கத்து ஆட்கள் மல்லுக்கு நிற்பார்கள்.

"இது செல்லாதும்மா, நோட்டாக் குடு."

"ஏன் செல்லாது? தகரத்துலயா அடிச்சிருக்கு?"

"நீ சொன்னா ஆச்சா? எங்க ஊர்ல வாங்க மாட்டாக."

இந்தச் சண்டையை ஒருமுறை அத்தானிடம் சொல்லிச் சிரித்தேன். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். அவர் சிரிக்கவில்லை. "அந்தாளு சொல்றது சரிதானுங்க அம்மிணி. வாங்கறதுக்கு ஆளு இருந்தாத்தான் அது காசு. இல்லீனா உலோகம்" என்றார். சொல்லிவிட்டு என் பையிலிருந்த அந்த நாணயத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை. அவர் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் எல்லோருக்கும் அவர் மாஷ், அதாவது வாத்தியார், எனக்கு அத்தான், அக்காவுக்கு வெறும் 'ஏங்க'. அது போதும்.

அவரை நினைத்தால் முதலில் வருவது அந்த வலது உள்ளங்கைதான். எது கையில் வந்தாலும் அதில் வைத்து, கண்ணை லேசாக மூடி, எடை பார்ப்பார். தக்காளி, சாவி, கல்யாணப் பத்திரிகை, பையன்களின் பரீட்சைப் பேப்பர் கட்டு, எதுவானாலும் சரி. பார்த்து முடித்ததும் "ம்" என்று ஒரு சத்தம். நல்லதா கெட்டதா என்று அந்த 'ம்'மிலிருந்து ஒரு மனுஷனாலும் கண்டுபிடிக்க முடியாது. "என்ன அத்தான், தராசு என்ன சொல்லுது?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். அதற்கும் ஒரு "ம்" கிடைக்கும்.

பொருளுக்கு எடை பார்த்தால் பரவாயில்லை. மனுஷன் சொல்லுக்கும் எடை பார்த்தார். யாராவது புகழ்ந்தால் சந்தேகமாகப் பார்ப்பார். தானாக யாரையும் புகழ மாட்டார். அக்கா மணக்க மணக்க மீன் குழம்பு வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "தின்னு முடிச்சிட்டனே" என்பார். புதுச் சேலை கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றால், தலைப்பை விரலில் பிடித்துப் பார்த்து, "துணி கெட்டி" என்பார். அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆரம்பத்தில் அது சிரிப்புத்தான்.

நாங்கள் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்கள். அப்பா ஃபாக்டரியில், அம்மா கொழுந்து எடுக்கும் வேலையில். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அக்காவுக்கு ஆயா வேலை. அத்தான் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு முதல் போஸ்டிங்கில் வந்தவர். சரித்திர மாஷ். சொந்த ஊர் சித்தூர் பக்கம், நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். ஒருநாள் மழையோடு மழையாக எங்கள் லயத்துக்கு வந்து, அப்பா முன்னால் நின்றார்.

"ஊருக்கு மாற்றல் வந்துருச்சுங்க" என்றார்.

"நல்லது சார். சொந்த ஊரு, சந்தோசம்" என்றார் அப்பா.

"தனியாப் போக மனசில்லைங்க."

அப்பாவுக்கு விளங்கவே இல்லை. துணைக்கு யாரையாவது பஸ் வரைக்கும் அனுப்பவா என்று கேட்டுவிட்டார்! உள்ளே நின்ற அம்மாவுக்கும் அக்காவுக்கும் விளங்கிவிட்டது. அக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அத்தான் வாயிலிருந்து ஆசை என்று வந்தது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். அக்கா அதையே வைத்து ரொம்பக் காலம் ஓட்டினாள்.

கல்யாணத்துக்கு அப்பாவால் முடிந்தது தாலியும் மெல்லிசாக ஒரு சங்கிலியும். கைக்குக் கம்பத்தில் வாங்கிய கவரிங் வளையல் போட்டு அனுப்பினோம். லயத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போனார்கள். சித்தூர் போன புதிதில், அக்கா மாவு பிசையக் கழற்றி வைத்த வளையலை அவள் மாமியார் எடுத்து ஆட்டுக்கல் விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். மஞ்சள் போய்ச் சிவப்பு தெரிந்தது. "வெறும் செம்பு. லயத்துப் புள்ளைகிட்ட வேறென்ன இருக்கும்?" என்று சொல்லி, வளையலைத் திருப்பி வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அடுத்த முறை மலைக்கு வந்தபோது அக்கா அந்த வளையல்களை என் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவற்றைத் தேயிலைச் சரிவில் வீசி எறிந்தேன்.

"அவுககிட்ட மட்டும் சொல்லிராதட்டி. பெத்த தாயில்லா, மனசு சங்கடப்படும்" என்று அக்கா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நானும் சொல்லவில்லை. அந்த மாமியாரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அந்த வார்த்தை மட்டும் அக்காவை விட்டுப் போகவில்லை.

அத்தானுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. பழைய காசு. தங்கம், வெள்ளி எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வெண்கலக் காசு, செப்புக் காசு, கறுத்துப் பச்சை படிந்து குப்பையில் கிடந்தால் நாம் குனிந்து எடுக்காத காசு, அதுதான் வேண்டும். சித்தூரில் ஒரு பாத்திரக் கடைக்காரர் பழைய பித்தளை, வெண்கலத்தை எடைக்கு வாங்குவார். ஓட்டைக் குத்துவிளக்கு, உடைந்த மணி என்று வரும் சாக்கை அத்தான் போய்க் கிளறுவார். அப்படித்தான் ஒருநாள் ஒரு கைப்பிடி காசு கிடைத்தது. ஆற்றோரம் யாரோ தென்னைக்குக் குழி எடுத்தபோது வந்ததாம். ரோமாபுரிக் காசு. கடைக்காரர் அதையும் ஓட்டை விளக்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துக் கொடுத்தார்.

நான் அப்போது அங்கே போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் துணி விரித்துக் காசுகளைப் பரப்பி, எங்கள் இரண்டு பேரையும் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். பச்சைக் களிம்புக்குள் ஒரு ராஜா தலை, முள்ளு முள்ளாகக் கிரீடம்.

"காதுக்குப் பின்னால பாரு. வெள்ளையா ஒரு இழை தெரியுதா?"

"ஆமா அத்தான், என்ன அது?"

"வெள்ளி. அந்த ராசாகிட்ட வெள்ளி தீந்துபோச்சு. செம்புல கொஞ்சம் ஈயத்தைக் கலந்து காசடிச்சு, மேல வெங்காயத் தோலாட்டம் வெள்ளியப் பூசிவிட்டான். உள்ள இருக்கறது கால் காசு பெறாது. முத்திரை சொல்றது முழுக் காசு."

"அப்போ ஊரை ஏமாத்திட்டான்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

அத்தான் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் பேசினது போல நான் அவரைப் பேசிக் கேட்டதில்லை. "ஏமாத்தல. தங்கக் காசுக்கு யாரோட தயவும் வேண்டாம். உருக்கினாலும் அதே விலை, எந்த ஊருக்குப் போனாலும் அதே விலை. வெண்கலத்துக்கு அப்படி இல்லே. இது இவ்வளவு பெறும்னு ஒருத்தன் வாய் திறந்து சொல்லோணும். வாங்கறவன் அதை நம்போணும். சொன்ன சொல்லு இருக்கற வரைக்கும் அது காசு. அந்தச் சொல்லுல கடல் தாண்டி இங்க வரைக்கும் வந்திருக்குது பாரு!"

அக்கா காசைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படியில் என்னிடம், "இந்தச் செத்த காசுகிட்டப் பேசுததுல கால்வாசி எங்கிட்டப் பேசினா நான் ராணி மாதிரி இருப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சித்தூர் கல்லூரியில் சரித்திரப் பிரிவுக்காரர்கள் அந்தக் காசுகளைக் கொண்டுவந்து பேசும்படி அவரை அழைத்தார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் கூட்டம். அத்தான் தினமும் சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். அந்த வெள்ளி இழைதான் அவருடைய பேச்சுக்கே சாட்சி. பூச்சு இருந்தது, அதனால்தான் அந்தக் காசு முழு மதிப்புக்குக் கைமாறியது என்று காட்டப் போகிறார். அவரைவிட அக்காவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. பேசாத புருஷன் மேடை ஏறிப் பேசப் போகிறார்! சட்டையை எப்போதோ இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள்.

எங்கள் லயத்தில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கத்தரி, அப்பாவின் டார்ச் லைட், ஜீப்பின் ஸ்பானர் வரைக்கும் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்துத்தான் சாமி முன்னால் வைப்போம். அழுக்காக எதுவும் அந்தச் சாமி முன்னால் போகக் கூடாது. சோறு போடும் ஆயுதம் எதுவோ அதற்கு முதல் மரியாதை. சித்தூர் வீட்டில் புத்தகத்தை அடுக்கி மஞ்சள் வைப்பதோடு சரி. அக்காவுக்கு அது ஒரு குறை. அந்த வருஷம் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறாள். அவருடைய ஆயுதம் எது? அந்தக் காசுதானே?

நான் லீவுக்குப் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்த விளக்குகள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன. சாமி அறையில் தாம்பாளம், அதில் வரிசையாக வெற்றிலை, ஒவ்வொரு வெற்றிலையிலும் ஒரு காசு. பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. செக்கச்செவேல் என்று மின்னின. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வேறு.

"பாத்தியாட்டி! எப்படிப் பளபளங்குது! எத்தனை வருச அழுக்கோ, என் கை ரேகையே போச்சு" என்று விரல்களை நீட்டிக் காட்டினாள். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. எனக்கென்ன தெரியும்?

அத்தான் குளித்துவிட்டு வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். மெல்லக் கீழே உட்கார்ந்து ஒரு காசை எடுத்து, உள்ளங்கையில் வைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பி ராஜாவின் காதுக்குப் பின்னால் பார்த்தார். காதும் இல்லை, வெள்ளி இழையும் இல்லை, எல்லாம் மழுங்கிப் போயிருந்தது.

"இனி இது வெறும் செம்பு" என்றார்.

அவ்வளவுதான். கத்தவில்லை, முறைக்கவில்லை. காசை அதே வெற்றிலையில், அதே இடத்தில், பொட்டு மேலே இருக்கும்படி வைத்தார். சூடம் காட்டச் சொன்னார். பூஜை முடிந்து சாப்பிட்டார், சுண்டல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கல்லூரிக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு தகவல். காசில் என்ன இருக்கிறது என்று கேட்டால் செம்பு என்று சொல்வார் இல்லையா, அதுபோல.

அக்கா சூடத் தட்டைப் பிடித்தபடி நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாத்திரம் கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, அதே வார்த்தை."

"அத்தானுக்கு அந்த விசயம் தெரியாதுக்கா. காசைத்தான் சொன்னாக."

"தெரியாமத்தான் சொன்னாக. தெரியாம வருததுதான் நெசம்."

அவளாக அவரிடம் கேட்கட்டும் என்று எத்தனையோ முறை சண்டை பிடித்தேன். "கேட்டு, ஆமான்னுட்டா?" என்று என் வாயை அடைத்துவிடுவாள். அந்த வருஷத்திலிருந்து அக்கா எதையும் தேய்க்கவில்லை. வெண்கல விளக்கைப் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வர் விளக்கு வாங்கினாள். அந்த வீட்டில் புளி ரசத்துக்கும் குழம்புக்கும் மட்டும்தான் என்றாயிற்று. மேசையிலிருந்த காசுகளையும் பிறகு காணவில்லை. "திருப்பி எடைக்குப் போட்டிருப்பாக. வச்சு என்ன செய்ய?" என்றாள்.

அத்தான் மாறவே இல்லை. மாறுவதற்கு ஏதோ நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. அப்பா இறந்தபோது பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி மலைக்கு வந்தார். அம்மாவிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் மழையில் பார்த்தால், மனுஷன் லயத்துக் கூரைமேல் படுத்துக்கொண்டு ஓட்டைத் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறார். அப்பா வருஷக்கணக்கில் எஸ்டேட் ஆபீசில் சொல்லியும் நடக்காத வேலை. அம்மா கீழே நின்று, "மகன் இருந்தா இதைத்தான் செஞ்சிருப்பான்" என்று அழுதாள். அவர் அப்படி. குழந்தை இல்லை என்று சொந்தக்காரர்கள் அக்காவைக் குத்தியபோதும் அவர் வாய் திறக்கவில்லை. குத்தியவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஏன் போவதில்லை என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அவளோ, தன்னை வெளியே கூட்டிப் போக வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு கெட்டது. ஆபரேஷன், மருந்து, மறுபடி ஆஸ்பத்திரி. அத்தான் நீண்ட லீவு போட்டுவிட்டு அவளைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்டார். கஞ்சி கொடுப்பார், துணி துவைப்பார், தலை வாரிவிடுவார்.

"வகிடு கோணலா எடுக்காகட்டி" என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, "இம்புட்டும் செய்யுதாக. ஆசையில செய்யுதாகளா, கடமைக்குச் செய்யுதாகளா? வாய் திறந்து சொன்னாத்தான எனக்குத் தெரியும்?" என்றாள்.

கடைசியாகப் பாலக்காட்டில் ஐசியூவில் வைத்திருந்தார்கள். காலை விசிட்டிங்கில் என்னைத்தான் உள்ளே விட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். அத்தானோடு சண்டை போடாதே என்றாள். "அவுகள ஒண்ணும் சொல்லாத. செம்புக்கு இது போதும்" என்றாள்.

செம்புக்கு இது போதுமாம்! வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் அவளுடைய துவைத்த நைட்டியை மடித்துக்கொண்டிருந்தார். தலையில் கை வைத்துச் செய்த சத்தியமும் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கவரிங் வளையல், ஆட்டுக்கல், அவருடைய அம்மா சொன்னது, பூஜையன்று அவர் சொன்னது, அக்கா இத்தனை வருஷமும் அதைச் சுமந்தது. "ஒரு சொல்லு அத்தான்! உங்க வாயில இருந்து ஒரே ஒரு சொல்லுக்காக அவ காத்துக் கிடந்தா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கையிலிருந்த நைட்டி நழுவிக் கீழே விழுந்தது.

"செம்புன்னா மட்டமுங்களா அம்மிணி?" என்று கேட்டார். "நான் காலமெல்லாம் செம்பைத்தானே தேடிட்டிருந்தேன்!"

அவர் எழுந்து நேராக ஐசியூ கதவுக்குப் போனார்.

"விசிட்டிங் நாலு மணிக்கு மாஷே" என்றார் வாசலில் நின்ற ஆள்.

"ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துடறனுங்க."

"டாக்டர் உள்ளே இருக்காரு. நாலு மணிக்கு வாங்க."

நான் சண்டை போட்டேன். பஸ்ஸில் போடுகிற சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, அப்படிப் போட்டேன். உள்ளேயிருந்து சிஸ்டர் வந்து என்னையும் அதட்டிவிட்டுப் போனாள். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறார். நடுவில் நிறுத்துவார், தலையை ஆட்டுவார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் கல்லூரிக் கூட்டத்துக்கு எழுதி எழுதி அடித்தாரே, அதே மாதிரி. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நாலு மணி ஆவதற்கு முன்னால் சிஸ்டர் வெளியே வந்து அக்கா பெயரைச் சொல்லி, கூட வந்தவர் யார் என்று கேட்டாள்.

போய்விட்டாள் என் அக்கா. அவர் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் அவர் வாயிலேயே நின்றுபோனது.

சித்தூர் வீட்டில் கிடத்தினோம். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நான் கட்டிவிட்டது அந்தத் 'துணி கெட்டி' சேலையைத்தான். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் நாணயம் வேண்டும் என்று அத்தானின் பெரியப்பா கேட்டார். ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தடவினார்கள். அத்தான் எழுந்து உள்ளே போனார். அவருடைய பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மூடியைத் திறந்தார்.

அதே காசுகள். எடைக்குப் போட்டுவிட்டார் என்று அக்கா நினைத்த காசுகள். எல்லாம் செக்கச்செவேல் என்று, அன்றைக்கு வெற்றிலையில் பார்த்த மாதிரியே மின்னின. செம்பை ஒரு மழைக்காலம் சும்மா விட்டாலே கறுத்துப் போகும், பாத்திரம் தேய்த்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். பெட்டியின் மூலையில் காகிதத்தில் மடித்த புளி உருண்டை ஒன்று காய்ந்து கறுத்துக் கிடந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தான் ஒரு காசை எடுத்தார். எடை பார்க்கவில்லை. சந்தனத்தைத் தொட்டு அக்கா நெற்றியில் வைத்து விரலால் அழுத்தினார்.

பெரியப்பா குனிந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, இதென்ன காசு? செல்லாத காசை வெக்கப்படாதுங்க. போற வழிக்குன்னு வெக்கறது, செல்லற காசா வேணுமல்லோ."

"செல்லும்" என்றார் அத்தான்.

"எந்தக் காலத்துக் காசோ, இதை யாருங்க வாங்குவாங்க?"

"செல்லும் பெரியப்பா. நான் சொல்றனுங்க, செல்லும். இவ என்ற பொண்டாட்டி. இவளுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்லே. என்ற சொல்லுல இது எங்க போனாலும் செல்லும்!"

அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது என்று அந்த ஊருக்கே அன்றைக்குத்தான் தெரியும். தெருவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அந்தக் காசோடுதான் அக்காவை ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனார்கள்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, பின்கட்டில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அத்தான் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்ப அத்தான் தேச்சீங்க அதை?"

"வருசா வருசம், பூசைக்கு முந்தின நாளு. ஸ்கூல் பைப்புல." ஈரத் தரையை விரலால் தேய்த்தார். "அவ பளபளன்னு வெச்சுக் குடுத்தா. அதை மங்க விட மனசு வரலீங்க."

"அவகிட்ட ஏன் காட்டல? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சிருக்குமுன்னு இருந்துட்டனுங்க அம்மிணி. கூடவே இருக்கறவளுக்கு இதெல்லாம் தெரியாதான்னு..." கூரைமேல் படுத்துத் தார் பூசிய மனுஷன், குழாயடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதார்.

நான் அழவிட்டேன். அவர்மேல் இத்தனை வருஷம் எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து அடைத்துக்கொண்டது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வெண்கலம் சொல்லில்தான் நிற்கிறது என்று எங்களுக்கு மேசையில் துணி விரித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே! காசு விஷயத்தில் தெரிந்தது பொண்டாட்டி விஷயத்தில் தெரியாமல் போயிற்றே, பாவி மனுஷனுக்கு.

கொஞ்சம் அடங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, இன்னைக்கு நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்குமுங்களா?"

அக்கா உயிரோடு இருந்தபோதே நாலு மணி வரைக்கும் காத்திருக்கச் சொன்ன உலகம் இது. கேட்டிருக்கும் என்று எந்த உறுதியில் சொல்வது? என் கையில் எதுவும் இல்லை.

"கேட்டிருக்கும் அத்தான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும்போல எடை பார்ப்பார் என்று பயந்தேன். பார்க்கவில்லை.

"சரிங்க அம்மிணி" என்று வாங்கிக்கொண்டார்.